சுவருக்கு அப்பால் வந்த ‘வெட்டாதே’

ஸ்பானிஷ் மொழியில் எனக்குச் சோறு கேட்கத் தெரியாது. வழி கேட்கத் தெரியாது. ஆனால் ‘செய்யாதே’ என்று அந்த மொழியில் யார் எந்த வேகத்தில் சொன்னாலும் என் கை தானாக நின்றுவிடும். வேலையை விட்டு இத்தனை வருடங்களுக்குப் பிறகும் அது போகவில்லை.

எங்கள் தெருவில் நர்சிங் முடித்த பெண் ஒருத்தி ஜெர்மனிக்கு வேலைக்குப் போக வேண்டும் என்று அந்த ஊர் மொழியைச் செல்போனில் படிக்கிறாள். போன வாரம் வந்து, “ஆச்சி, நீங்க அந்தக் காலத்துலயே வெளிநாட்டுப் பாஷை பேசுவீங்களாமே, எப்படிப் படிச்சீங்க?” என்று கேட்டாள். “கத்தரிக்கோலைக் கையில வச்சிக்கிட்டுப் படிச்சேன்” என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டாள். நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. அவளிடம் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

கோவில்பட்டியிலிருந்து கயத்தாறு போகும் வழியில், மெயின் ரோட்டை விட்டு ஒரு மைல் உள்ளே தள்ளி, கரிசல் காட்டுக்கு நடுவில் இருந்தது எங்கள் மிஷன் ஆஸ்பத்திரி. சுற்றிலும் பருத்தியும் கம்பும் உளுந்தும்தான். இருபது கட்டில், ஓர் ஆப்பரேஷன் அறை, ஒரு பிரசவ அறை. பின்னால் வேலிக்குள் ஒரு சின்னக் கல்லறைத் தோட்டம். எழுபதுகளின் ஆரம்பத்தில் நான் அங்கே நர்ஸாகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. பாளையங்கோட்டையில் மூன்று வருடம் படித்ததைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. நன்றாகப் படித்தேன், அவ்வளவுதான்.

டாக்டர், ஸ்பெயின் நாட்டுக் கன்னியாஸ்திரி. பெயர் பிலார். ஊர் ஜனங்களுக்கு அவர் ‘பில்லாரம்மா’, எங்களுக்குப் பிலாரம்மா. நெடுநெடுவென்று உயரம். நடந்து வரும் சத்தமே கேட்காது. அவருக்குத் தமிழ் கற்றுக்கொடுத்தவர் மரியாதைப் பேச்சை மட்டும் கற்றுக்கொடுத்துவிட்டுப் போய்விட்டார் போலிருக்கிறது; பெருக்குகிறவரிலிருந்து பிறந்த குழந்தை வரை எல்லோரையும் ‘நீங்க’ என்றுதான் சொல்வார். வராந்தாவில் படுத்துக் கிடக்கும் நாயைப் பார்த்து, “நீங்க கொஞ்சம் எந்திரிச்சுப் போங்க” என்பார். நாயும் எழுந்து போகும். அவர் யாரையும் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. தப்புச் செய்தால், செய்தவர் முகத்தைப் பார்க்காமல், தப்பு நடந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். கெட்டுப்போன தையலை, கட்டுப் பிரிந்த காயத்தை, அழுக்கான தட்டை. அதைவிட அவர் நம்மை அடித்திருக்கலாம் என்று தோன்றும்.

மருந்தறையைப் பார்த்துக்கொண்டவர் இனேஸ் சிஸ்டர். பிலாரைவிடப் பத்து வயது மூத்தவர், அதே நாட்டுக்காரர், குள்ளம். முப்பது வருடம் இந்த ஊர்த் தண்ணீர் குடித்தவர் என்பதால் நம் பேச்சை நம்மைப் போலவே பேசுவார்.

அவசரம் என்று வந்துவிட்டால் பிலாரம்மாவை விட்டுத் தமிழ் போய்விடும். ஸ்பானிஷில்தான் உத்தரவு வரும். அதிலும் பாதிக்கு மேல் ‘செய்யாதீங்க’தான். தொடாதீங்க, பேசாதீங்க, ஓடாதீங்க, திறக்காதீங்க. சேர்ந்த இரண்டாவது மாதம் ஒரு குடல்வால் ஆப்பரேஷன். வெளியே ஜெனரேட்டர் ஓடுகிறது. தையல் போட்டுக்கொண்டிருந்தவர், “நோ கோர்த்தே” என்றார். ஜெனரேட்டர் இரைச்சலில் ‘நோ’ போய்விட்டது. எனக்குக் கேட்டது ‘கோர்த்தே’ மட்டும். ‘வெட்டுங்க’ என்று நினைத்து நூலை வெட்டிவிட்டேன். அவர் அந்த வெட்டிய நூல் நுனியைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு முதலிலிருந்து தைத்தார்.

அன்று சாயங்காலம் இனேஸ் சிஸ்டர் என்னை மருந்தறைக்குக் கூப்பிட்டு, பொடி மடிக்கும் தாளின் பின்பக்கம் பென்சிலால் எழுதிக் காட்டினார்.

“ஞானம், எங்க பாஷையில வினையெல்லாம் ஆர், ஏர், ஈர்னு மூணு மாதிரிதான் முடியும். கொர்த்தார்னா வெட்டுறது. கொமேர்னா சாப்பிடுறது. ஆப்ரீர்னா திறக்கிறது. உத்தரவு போடும்போது உயிரெழுத்து ரெண்டும் வீடு மாறிக்கும். ஆர் குடும்பத்துக்கு ஏ வரும், மத்த ரெண்டு குடும்பத்துக்கும் ஆ வரும். முன்னால ஒரு நோ. நோ கோர்த்தே, வெட்டாதீங்க. நோ கோமா, சாப்பிடாதீங்க. நோ ஆப்ரா, திறக்காதீங்க. விளங்குதா?”

கோர்த்தே என்பது என் தமிழ்க் காதுக்கு ‘கோர்த்தேன்’ என்பது போலவே கேட்கும். பூக்கோர்ப்பதும் வெட்டுவதும் எனக்கு அங்கே ஒன்றாகக் கிடந்து குழப்பியது. அதைச் சொன்னதும் சிஸ்டர் வாய்விட்டுச் சிரித்தார்.

“இது மரியாதையாச் சொல்லுறது. நீ, வா, போன்னு சொல்லுற ஆளுக்கு வேற மாதிரி. வெட்டுன்னா கோர்த்தா. ஆனா வெட்டாதேன்னு சொல்லணும்னா அந்தக் கோர்த்தாவுக்கு முன்னால நோவை ஒட்டினா பத்தாது. சொல்லே முகம் மாறிடும். நோ கோர்த்தெஸ். கடைசியில ஒரு ஸ். நோ கோமாஸ். நோ ஆப்ராஸ்.”

“அது யாருக்குச் சொல்லுவீங்க சிஸ்டர்?”

“கடவுளுக்கு. சின்னப் பிள்ளைகளுக்கு. கூடப் பிறந்தவங்களுக்கு.” பென்சிலைக் கீழே வைத்தார். “இந்த வீட்டில நாங்க ஒருத்தருக்கொருத்தர் மரியாதையாத்தான் பேசணும், அது சபை வழக்கம். ஜெபத்தில கடவுள்கிட்டச் சொல்லுறதோட சரி. உனக்கு ஸ் தேவைப்படாது.”

அது உண்மைதான். எட்டு வருடம் பிலாரம்மாவோடு வேலை பார்த்தேன். ஆயிரம் ‘செய்யாதீங்க’ கேட்டிருப்பேன். ஒரு தடவைகூட ‘ஸ்’ வந்ததில்லை.

பிரசவ அறையில் அவர் சொல்லும் ஒரு சங்கதி உண்டு. தலை வெளியே வரும் நேரத்தில் தாய் முக்கக் கூடாது; முக்கினால் கிழியும். “உங்க தமிழில ‘ஆதே’ கடைசியில வருது. ‘முக்க’ன்னு நீங்க ஆரம்பிக்கும்போதே அந்தப் பொண்ணு முக்கிடுறா. அதனால முதல்ல கையைக் காட்டுங்க, அப்புறம் வாயைத் திறங்க” என்பார். அன்றிலிருந்து உள்ளங்கையை விரித்து அவர்கள் முகத்துக்கு நேரே காட்டிவிட்டுத்தான் பேசுவேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மாசிமாதக் காலையில் பிலாரம்மா கை கழுவிக்கொண்டிருந்த இடத்திலேயே சாய்ந்தார். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. மதுரையிலிருந்து வந்து பார்த்த பெரிய டாக்டர், பேச்சு இனித் திரும்பாது என்று சொல்லிவிட்டுப் போனார். ஊருக்கு அனுப்பலாமா என்று சபையிலிருந்து கேட்டபோது, இருந்த இடது கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். அதனால் பிரசவ அறைக்கு அடுத்த அறையிலேயே அவருக்குக் கட்டில் போட்டோம். இரண்டு அறைக்கும் நடுவில் ஒரே சுவர். மேலே காற்றுக்காகச் சிமெண்டு ஜாலி வைத்த ஒரு துவாரம். கோவில்பட்டியிலிருந்து ஒரு டாக்டர் வாரத்துக்கு இரண்டு நாள் வருவார். மற்ற நாட்களில் நானும் ஆயா பாக்கியமும்தான்.

அந்த வருடம் புரட்டாசியில் ஒரு விஷயம் நடக்க ஆரம்பித்தது. பிரசவத் தட்டைச் சாயங்காலமே கொதிக்க வைத்து, துணி மூடி வைத்துவிட்டுப் போவேன். காலையில் வந்தால் கொப்பூழ்க்கொடி வெட்டும் கத்தரிக்கோல் மட்டும் தட்டில் இருக்காது. மேசை டிராயருக்குள், ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி, மடிப்புக் கலையாமல் இருக்கும். முதல் நாள் நானே மறதியில் வைத்தேன் என்று நினைத்தேன். மூன்றாவது நாள் பாக்கியத்தைப் பிடித்துக்கொண்டேன்.

“நான் எதுக்கும்மா அதைத் தொடுதேன்? கத்திரியை ஒளிச்சு வச்சி நான் என்ன செய்யப் போறேன்?” என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “நானும் பாக்கத்தான் செய்யுதேன். அந்த மடிப்பு நம்ம மடிப்பு இல்லம்மா” என்றார்.

துணியைப் பிரித்துப் பார்த்தேன். நாங்கள் நாலாக மடிப்போம். அது உறை போல மூன்று பக்கம் மடித்து நுனியைச் செருகியிருந்தது. பிலாரம்மாவால் எழுந்திருக்கவே முடியாது. இனேஸ் சிஸ்டருக்கு மூட்டுவலி, பிலாரம்மா கட்டில் வரைக்கும் வருவதோடு சரி, பிரசவ அறைக்குள் கால் வைக்கமாட்டார். வேறு யாரிடமும் நான் அதைச் சொல்லவில்லை. சொன்னால் மறுநாள் ஒரு கர்ப்பிணியும் வரமாட்டாள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. கரிசல் மண் நனைந்தால் என்னாகும் என்று தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மெயின் ரோட்டிலிருந்து எங்கள் ஆஸ்பத்திரிக்கு வரும் அந்த ஒரு மைலில் ஜீப் இறங்கினால் இறங்கியதுதான். மூன்றாம் நாள் மத்தியானம் இரண்டு மணி இருக்கும். விளக்குப் போட வேண்டிய அளவுக்கு இருட்டிக்கொண்டு வந்தது. இடைசெவல் பக்கத்திலிருந்து சீனியம்மா என்ற பெண்ணைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு நாலு பேர் வந்தார்கள். ஒவ்வொருவர் காலிலும் முழங்கால் வரைக்கும் மண் பூட்ஸ் போட்டது மாதிரி அப்பிக் கிடந்தது. மூன்றாவது பிரசவம். வயிறு பெரிது. முந்தின இரவிலிருந்து வலி.

“டாக்டரம்மா இருக்காவளா?” என்று கேட்டார் அவள் புருஷன்.

“நான் இருக்கேன், உள்ளே கொண்டு வாங்க” என்றேன். டாக்டர் வரும் நாள் நாளைக்குத்தான். போன் மழையில் செத்துக் கிடந்தது.

அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். வலி கூடக்கூட அவளிடமிருந்து தமிழ் கழன்றுவிட்டது. “ஒத்தும்மா, ஒத்து” என்றே கத்தினாள். வேண்டாம் அம்மா, வேண்டாம் என்று அர்த்தம். பாக்கியம் தலைமாட்டில் நின்றார். தட்டு தயார். கத்தரிக்கோல் தட்டில்தான் இருந்தது. நானே காலையில் டிராயரிலிருந்து எடுத்து மறுபடி கொதிக்க வைத்திருந்தேன்.

மூன்று மணிக்குத் தலை வந்தது. வந்த தலை முழுசாக வெளியே நிற்காமல், ஆமை தலையை இழுத்துக்கொள்வது போல் கொஞ்சம் உள்ளே போனது. அதை நான் கவனித்தேன். கவனித்தும் மனதில் ஏற்றவில்லை. ஏனென்றால் விரலை விட்டுப் பார்த்தபோது கழுத்தில் கொடி இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கமாக இருந்தது. தலைக்கு மேலாக இழுத்துக் கழற்றப் பார்த்தேன். வரவில்லை. குழந்தையின் முகம் நீலமாகிக்கொண்டிருந்தது. இப்படி இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று புத்தகத்தில் ஒரே வரிதான்: இரண்டு இடத்தில் கிளிப் போட்டு, நடுவில் வெட்டு. இடது கையில் கிளிப்பை எடுத்தேன். வலது கையில் கத்தரிக்கோல்.

“நோ கோர்த்தெஸ்.”

ஒரு பெண்குரல். அதட்டல் இல்லை. கெஞ்சல் என்றும் சொல்ல முடியாது. மழை இரைச்சலுக்கு நடுவே, ஒரு சொல்லும் கலையாமல், ஜாலித் துவாரம் இருந்த பக்கத்திலிருந்து வந்தது. என் கை நின்றது. நான் யோசித்து நிறுத்தவில்லை. எட்டு வருடப் பழக்கம் நிறுத்தியது.

“நோ கோர்த்தெஸ்” என்று இன்னொரு தடவை.

கத்தரிக்கோலைத் தட்டில் போட்டேன். அடுத்த வலி வந்தது. சீனியம்மா முக்கினாள். தலை அசையவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. தோள், இடுப்பெலும்பில் மாட்டியிருக்கிறது. ஆமை மாதிரித் தலை உள்ளே போனதற்கு அதுதான் அர்த்தம். இந்த நிலையில் நான் கொடியை வெட்டியிருந்தால் தாயிடமிருந்து போகும் ரத்தமும் நின்றிருக்கும். நெஞ்சு உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிற பிள்ளையால் மூச்சும் விட முடியாது. இறுகியிருந்தாலும் அந்தக் கொடியில் விரலை வைத்தால் துடிப்பு இருந்தது.

உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். “முக்காத தாயி. வாயால ஊது.” பாக்கியத்தை, அவளுடைய இரண்டு முட்டியையும் நெஞ்சோடு மடக்கிப் பிடிக்கச் சொன்னேன். வரவில்லை. அடிவயிற்றில், எலும்புக்கு மேலே, குத்துக்கையால் சாய்த்து அழுத்தச் சொன்னேன். வரவில்லை. கடைசியில் கையை உள்ளே விட்டேன். பிலாரம்மா துணிப் பொம்மையை வைத்து எத்தனையோ முறை காட்டிக்கொடுத்த வேலை. தாயின் முதுகுப்பக்கமாகக் கிடக்கும் குழந்தையின் கையைத் தேடிப் பிடித்து, முழங்கையை மடக்கி, அதன் நெஞ்சுக்குக் குறுக்கே தடவினாற்போல் வெளியே கொண்டுவர வேண்டும். என் விரல்களுக்கு உணர்ச்சியே போய்விட்டது. ஒரு சின்னக் கை வெளியே வந்தது. பிறகு தோள். பிறகு மொத்தமாக.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். தலை வந்ததிலிருந்து ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. கழுத்துச் சுற்றைக் கழற்றினேன். பெண் குழந்தை. துவண்டு கிடந்தது. வாயை உறிஞ்சி எடுத்து, முதுகைத் தேய்த்து, உள்ளங்காலைச் சுண்டி, ஊதி, நான் எதை எந்த வரிசையில் செய்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்தது. பிறகு அழுதது.

எல்லாம் ஓய்ந்த பிறகு பாக்கியம் கேட்டார். “ஏம்மா, கத்திரியை எடுத்திய, பொறவு எதுக்குக் கீழ போட்டிய?”

“சத்தம் கேக்கலையா உங்களுக்கு?”

“மழைச் சத்தம்தான் கேட்டுது.”

கட்டிலில் கிடந்த சீனியம்மா கண்ணைத் திறக்காமலே சொன்னாள். “எனக்குக் கேட்டுது. யாரோ ஒரு அம்மா பேசுனாவ. என்ன பாஷைன்னு தெரியல.”

ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த அறைக்கு ஓடினேன். பிலாரம்மாவுக்குப் பேச்சு திரும்பிவிட்டது என்றே நினைத்தேன். இனேஸ் சிஸ்டர் கட்டிலை ஒட்டி நாற்காலியில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். பிலாரம்மா கண்ணை மூடிக் கிடந்தார்.

“சிஸ்டர், அம்மா பேசுனாங்களே!”

“பேசலையே. மத்தியானத்திலிருந்து நான் இங்கேதான் இருக்கேன். உதடு அசையல.” சொல்லிவிட்டுத் தன் இடது கையைத் திருப்பிக் காட்டினார். மணிக்கட்டில் நான்கு நகம் ஆழமாகப் பதிந்து ரத்தம் கட்டியிருந்தது. “கொஞ்சம் முன்னால திடீர்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. விடவே இல்லை. அந்தக் குழந்தை அழுத பிறகுதான் விட்டாங்க. நீ என்ன கேட்டே?”

சொன்னேன்.

அவர் ஜெபமாலையை மடியில் வைத்தார். “கடைசியில ஸ் இருந்துச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லு.”

“இருந்துச்சு சிஸ்டர். ரெண்டு தடவையும்.”

பிறகு படுத்திருப்பவருக்குக் கேட்காத குரலில் சொன்னார். நான் வேலைக்குச் சேருவதற்குப் பல வருடங்களுக்கு முன்னால், பிலாரம்மாவோடு அவருடைய சொந்தத் தங்கை அம்பாரோவும் இதே சபையில் சேர்ந்து இங்கே வந்திருக்கிறார். நர்ஸ். இருபத்து மூன்று வயது. ஒரு நாள் பிலாரம்மா வெளியூர் போயிருந்தபோது அம்பாரோ தனியாக ஒரு பிரசவம் பார்த்திருக்கிறார். கழுத்தில் கொடி. வெட்டிவிட்டார். தோள் மாட்டிக்கொண்டது. குழந்தை வெளியே வந்தபோது உயிர் இல்லை.

“பிலார் திரும்பி வந்து ஒண்ணுமே சொல்லலை. அந்தப் பிள்ளையை மட்டும் பார்த்துக்கிட்டே நின்னாங்க. அம்பாரோ முகத்தைப் பார்க்கவே இல்லை. அதுக்கப்புறம் அந்தப் பொண்ணு பொழுது சாஞ்சா கத்தரிக்கோலை எடுத்துத் துணியில சுத்தி டிராயருக்குள்ள மறைச்சு வச்சிடும். காலையில நாங்க தேடி எடுப்போம். அந்த வருஷமே காய்ச்சல்ல போயிடுச்சு. பின்னால மூணாவது கல்லறை அதுதான்.”

டிராயரைப் பற்றி நான் அவரிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

“பிலார் இந்த உலகத்தில ‘ஸ்’ போட்டுப் பேசுனது அந்த ஒருத்திகிட்டத்தான்” என்றார் இனேஸ்.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. சீனியம்மா குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். டிராயரைத் திறந்து பார்த்தேன். காலி. கத்தரிக்கோல் நான் வைத்த இடத்தில், தட்டிலேயே இருந்தது.

பிலாரம்மாவுக்கு முகம் துடைத்துவிடப் போனேன். விழித்துக்கொண்டு கிடந்தார். முந்தின நாளே இனேஸ் சிஸ்டரிடம் ஒன்று கேட்டு வைத்திருந்தேன். ‘நான் வெட்டவில்லை’ என்பதற்கும் கிட்டத்தட்ட அதே ‘நோ கோர்த்தே’தானாம். அழுத்தத்தை மட்டும் கடைசி எழுத்தில் போட வேண்டுமாம். குனிந்து, அவர் காதருகே சொன்னேன்.

“நோ கொர்த்தே.”

அவருடைய நல்ல கண்ணிலிருந்து நீர் வழிந்து தலையணையில் இறங்கியது. உதடு அசைந்தது. ஒரு பக்கமாகக் கோணி, ஆனாலும் அது சிரிப்புதான். எட்டு வருடத்தில் நான் பார்த்திராத சிரிப்பு. அது எனக்கல்ல என்று உடனே தெரிந்துவிட்டது. அவர் பார்வை என் முகத்தில் இல்லை. என் வலது தோளுக்குப் பின்னால், என்னைவிடக் கொஞ்சம் குட்டையான ஒருவர் நின்றால் முகம் எந்த உயரத்தில் இருக்குமோ, அந்த இடத்தில் நிலைத்து நின்றது. ஒரு முகத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார், நெடுநேரம்.

நான் திரும்பவில்லை. துணியைப் பிழிந்து, அவருடைய கையைத் துடைத்தேன். விரல் விரலாகத் துடைத்தேன். அவர் பார்த்து முடிக்கும் வரைக்கும் துடைத்துக்கொண்டே இருந்தேன்.